ப்ராக்கிள்ஸ்பிக்கு மேலே ஆயிரம் அடி

ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாகாணத்தின் தென்பகுதியில், ஆல்பரி நகருக்கு வடமேற்கே, கோதுமை வயல்களும் ஆடு மேயும் புல்வெளிகளும் சூழ ப்ராக்கிள்ஸ்பி என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஊர் சிறிது, அதற்குப் பெருமை தேடித் தந்ததோ வானம். 1940-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 29-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமையன்று, அவ்வூரின் கூரைகளுக்கு மேலே 1000 அடி உயரத்தில் நிகழ்ந்த ஒரு சம்பவம், லண்டன் மாநகரின்மீது குண்டுகள் விழுந்துகொண்டிருந்த அந்த நாளிலும், யுத்தச் செய்திகளுக்கு நடுவே புகுந்து உலகத்துப் பத்திரிகைகளில் இடம்பிடித்துக்கொண்டது. விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்த இளைஞர்கள் செலுத்திச் சென்ற இரண்டு விமானங்கள் ஆகாயத்தில் மோதின. மோதியவை சிதறி விழாமல் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் பூட்டிக்கொண்டன. பூட்டிக்கொண்டவை அப்படியே ஒரு புல்வெளியில் வந்து இறங்கின. இரண்டிலுமாக இருந்தவர்கள் நால்வர். நால்வரும் பிழைத்தார்கள்.

இதை அற்புதம் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பது சுலபம். அன்றைய பத்திரிகைகள் ஏறக்குறைய அதைத்தான் செய்தன. ஆனால், ஆகாயத்தில் இரண்டு விமானங்கள் மோதிக்கொண்டால் என்ன நடந்தது என்று சொல்லப் பெரும்பாலும் ஒருவரும் மிஞ்சுவதில்லை. மோதாமல் மயிரிழையில் விலகிப் போய்விட்டாலோ, சொல்ல ஆள் இருந்தும், காட்டுவதற்கு ஒரு கீறல்கூட இல்லாமையால், சொல்லாமலே இருந்துவிடுவது மனித சுபாவமாகிறது. ப்ராக்கிள்ஸ்பியில் நடந்தது இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அபூர்வம். சேதமும் கண்ணெதிரே கிடந்தது. சாட்சிகளும் உயிரோடு நின்றார்கள். விமானப் பயிற்சியில் நேரும் இத்தகைய அபாயத்தின் தன்மையைச் சாதாரண வாசகருக்கு விளக்குவதற்கு இதைவிடப் பொருத்தமான திருஷ்டாந்தம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

அந்த வருஷத்தில் ஆஸ்திரேலியாவின் ஆகாயம் அதற்குமுன் கண்டிராத நெருக்கத்தைக் கண்டது. 1939 டிசம்பரில் பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூஜிலாந்து ஆகிய நான்கு தேசங்களும் ஆட்டவா நகரில் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, சாம்ராஜ்ய விமானப் பயிற்சித் திட்டம் என்னும் பெரிய ஏற்பாடு தொடங்கி, கடைகளிலும் வயல்களிலும் காரியாலயங்களிலும் வேலை பார்த்துக்கொண்டிருந்த இளைஞர்களைச் சில மாத காலத்துக்குள் விமானிகளாக்கி யுத்தத்துக்கு அனுப்ப வேண்டிய பொறுப்பு இந்நாடுகளின் தலையில் விழுந்தது. வாகா வாகா நகரத்தை அடுத்த ஃபாரஸ்ட் ஹில் என்னுமிடத்தில் அவ்வாறு தோன்றியதுதான் ஆஸ்திரேலிய விமானப்படையின் 2-ஆம் எண் பயிற்சிப் பள்ளி. சிறு விமானத்தில் பாலபாடம் முடித்தவர்கள் அங்கே வந்து, இரட்டை எஞ்சின் பூட்டிய ஆன்ஸன் விமானத்தில் மேற்பாடம் படித்தார்கள்.

ஆன்ஸன் விமானத்தைப்பற்றி இரண்டொரு வார்த்தை சொல்லாமல் மேலே போக முடியாது. அவ்ரோ கம்பெனியார் அமைத்து, 1935-இல் முதன்முதலாகப் பறந்த அந்த விமானத்துக்கு மரத்தால் இறக்கை. எஃகுக் குழாய்களாலான சட்டத்தின்மேல் துணி போர்த்திய உடல். இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரையில் 56 அடிக்குமேல் அகலம். சக்கரங்களை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டுமானால், ஆசனத்துக்கருகில் உள்ள கைப்பிடியை 140 தடவைக்கு மேல் சுற்ற வேண்டும் என்பதால், குறுகிய பிரயாணங்களில் பலர் சக்கரங்களைத் தொங்கவிட்டுக்கொண்டே பறந்தார்கள் என்று சொல்வதுண்டு. வேகமும் இல்லை, வேகத்துக்குரிய கர்வமும் இல்லை. மாணாக்கருடைய பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும் சாந்த குணமுடைய யந்திரம் அது. முதுகின்மேல் துப்பாக்கிக்காரன் உட்காருவதற்கென்று வைத்திருந்த கண்ணாடிக் கூண்டு மட்டும் மேலே புடைத்துக்கொண்டு நிற்கும். அந்தக் கூண்டை வாசகர்கள் மறவாமல் இருக்க வேண்டும். கதை அதில்தான் மாட்டிக்கொள்ளப் போகிறது.

அன்று காலை புறப்பட்ட விமானங்களுள் ஒன்றை ஓட்டியவர் கூட்டமுண்ட்ரா ஊரைச் சேர்ந்த லெனார்ட் ஃபுல்லர் என்னும் 22 வயது இளைஞர். மற்றொன்றை ஓட்டிய ஜாக் ஹ்யூசன் என்பவருக்கு வயது 19. ஒவ்வொருவருடனும் திசை கணித்துச் சொல்வதற்கு 27 வயதான சக மாணாக்கர் ஒருவர் இருந்தார். ஃபுல்லருடன் சின்க்ளேர், ஹ்யூசனுடன் ஃப்ரேஸர். ஆசிரியர் எவரும் உடன் இல்லை. கொரோவா போய், அங்கிருந்து நரண்டேரா போய், மறுபடியும் ஃபாரஸ்ட் ஹில்லுக்கே திரும்பி வருவது அன்றைய பாடம். ப்ராக்கிள்ஸ்பிக்கு மேலே இரண்டு விமானங்களும் சாய்ந்து திரும்பிய சமயத்தில், தமக்குக் கீழே இருந்த ஹ்யூசனின் விமானத்தை ஃபுல்லர் பார்வையிலிருந்து தவறவிட்டார். அடுத்த கணத்தில், சுழலும் விசிறிகள் ஒன்றையொன்று அறைந்து, எஞ்சின்களின் மூடிகளைக் கடித்துக்கொண்டு, பேரொலியோடு இரண்டும் மோதின.

ஒரே பள்ளியிலிருந்து கிளம்பி, ஒரே வழியில் போய்க்கொண்டு, மற்றவர் பக்கத்தில்தான் இருக்கிறார் என்பதை நன்றாய் அறிந்திருந்த இருவர் எவ்வாறு மோதிக்கொள்ளக் கூடும் என்று தரையில் நிற்கும் நாம் கேட்பது நியாயமே. அவ்வளவு பெரிய வானத்தில் இடமா இல்லை என்றும் தோன்றும். ஆனால் விமானியின் ஆசனத்திலிருந்து தெரியும் வானம் நாம் அண்ணாந்து பார்க்கும் வானம் அன்று. தன் விமானத்தின் உடலும், இறக்கையும், எஞ்சினும், கண்ணாடிச் சட்டங்களும் மறைத்ததுபோக எஞ்சிய துண்டுகளே அவனுக்குக் கிடைக்கின்றன. விமானம் திரும்ப வேண்டுமானால் சாய்ந்துதான் திரும்ப வேண்டும். சாயும்போது ஓர் இறக்கை தாழ, மற்றொன்று உயர, சற்றுமுன் தெரிந்த இடம் மறைந்து, மறைந்திருந்த இடம் தெரியத் தொடங்குகிறது. ஆன்ஸனைப்போல் இறக்கை அடிவயிற்றோடு பொருந்திய விமானத்தில், தனக்கு நேர் கீழே இருப்பதை விமானி எக்காலத்திலும் பார்க்க இயலாது. கீழே இருப்பவனுக்கோ தலைக்கு மேலும் முதுகுக்குப் பின்னும் கூரை. ஆகவே ஒருவன் மேலும் ஒருவன் கீழுமாக அமைந்துவிட்டால், இருவரும் கண் விழித்திருந்தும் ஒருவரையொருவர் காணாத ஒரு நிலை ஏற்பட்டுவிடுகிறது. மற்றவன் எங்கே இருக்கிறான் என்பது தெரியாதபோது, கடைசியாக எங்கே பார்த்தோமோ அங்கேதான் இருக்கிறான் என்று மனம் எண்ணிக்கொள்கிறது. இருவர் சேர்ந்து பறப்பதில் உள்ள பெரிய அபாயம், நான் அறிந்தவரையில், இந்த எண்ணந்தான்.

அந்நியனாய் எதிரே வரும் விமானத்தின் விஷயம் வேறு மாதிரி. அங்கே மறைப்பது விமானத்தின் உடலன்று, கண்ணின் குணமே. நகரும் பொருளைக் கண் சட்டென்று பற்றிக்கொள்ளும். அசையாததை அலட்சியம் செய்யும். இரண்டு விமானங்கள் நேர்பாதையில், மாறாத வேகத்தோடு, ஒரே புள்ளியை ஒரே நேரத்தில் அடையப் போகின்றன என்றால், ஒன்றிலிருந்து பார்க்கும்போது மற்றொன்று இடமும் போகாமல் வலமும் போகாமல், கண்ணாடியில் ஈ விட்டுச்சென்ற அழுக்குப் புள்ளிபோல, ஒரே இடத்தில் நின்றுகொண்டிருக்கும். நகர்ந்துகொண்டிருக்கும் விமானம் மோதாது. நகராமல் நிற்கும் விமானமே மோத வருவது. அசையாததைக் கவனியாத கண்ணுக்கு அசையாததையே காட்டி ஏமாற்றுகிற இந்த விபரீதத்தை, விமானம் ஓட்டக் கற்பிக்கிறவர்கள் முதல் சில பாடங்களிலேயே சொல்லிவைக்கிறார்கள்.

கணக்கும் நமக்கு அனுகூலமாயில்லை. சிறிய பயிற்சி விமானங்கள் இரண்டு, ஒவ்வொன்றும் 100 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 185 கிலோமீட்டர் வேகத்தில், நேருக்குநேர் வருவதாக வைத்துக்கொள்வோம். ஒரு கடல்மைல் இடைவெளி 18 விநாடியில் தீர்ந்துவிடும். அவ்வளவு தூரத்தில் 10 மீட்டர் இறக்கை அகலமுள்ள விமானம், பூர்ண சந்திரனுடைய விட்டத்தில் பாதிக்குச் சற்று அதிகமான நீளமே தோன்றும். அதுவும் ஒரு மெல்லிய கோடாக. தூரம் பாதியானால் தோற்றம் இரட்டிப்பாகும் என்ற விதிப்படி, நெடுநேரம் வளராதிருப்பதுபோல் இருந்த கோடு, கடைசிச் சில விநாடிகளில் கண்ணாடி முழுவதையும் அடைத்துக்கொண்டு விசுவரூபம் எடுக்கிறது. ஒரு பொருளைக் கண்டு, அது விமானம் என்று தெரிந்து, நம்மேல் மோத வருகிறது என்று உணர்ந்து, எந்தப் பக்கம் விலகுவது என்று தீர்மானித்து, கை அசைந்து, விமானமும் அந்தக் கைக்குக் கட்டுப்பட்டுத் திரும்புவதற்கு மொத்தம் 12.5 விநாடி ஆகும் என்று அமெரிக்க விமானத்துறை தன் விமானிகளுக்குக் கணக்கிட்டுச் சொல்லியிருக்கிறது. 18-இல் 12.5 போனால் மீதி 5.5 விநாடி. ஒரு மைல் தூரத்தில் அந்தக் கோட்டைக் காணத் தவறியவனுக்கு அதற்குமேல் அவகாசமில்லை.

இதற்கு மேல் இன்னொரு குறையும் உண்டு. பார்ப்பதற்கு மேகமோ மலையோ ஒன்றுமில்லாத வெறும் வானத்தை நோக்கும்போது, கண் தூரத்தில் நிலைகொள்ளாமல் தானாகவே தளர்ந்து, ஓரிரு மீட்டர் தூரத்தில் இருப்பதைப் பார்ப்பதுபோல் அமைந்துவிடுகிறது. விமானி வெகு ஜாக்கிரதையாக வெளியே பார்த்துக்கொண்டுதான் இருப்பான். ஆனால் தூரத்துப் பொருள் அவனுக்குத் தெரியாது. ஆஸ்திரேலிய அரசின் விமான விபத்து விசாரணைத் துறையார் 1991-இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி அறிக்கை, பார்த்து விலகுதல் என்னும் பழைய விதிக்குள்ள குறைகளை யெல்லாம் ஒன்றுதிரட்டிக் காட்டியது. இன்ன திசையில் விமானம் வருகிறது என்று ஒருவர் முன்னதாகச் சொல்லிவிட்டால், சொல்லப்பட்டவனுடைய ஒரு விநாடித் தேடல் சொல்லப்படாதவனுடைய எட்டு விநாடித் தேடலுக்குச் சமமாகும் என்ற செய்தியும் அதில் உண்டு. காது கேட்டால் கண் எட்டு மடங்கு கூர்மையாகிறது என்பது பொருள்.

மோதல்களின் சரித்திரம் ஏறக்குறைய விமானத்தின் சரித்திரத்தோடு கூடவே பிறந்தது. 1910 அக்டோபரில் மிலான் நகரத்து விமானக் காட்சியில், பிரெஞ்சுக்காரர் ரெனே தாமஸ் ஓட்டிய விமானம், பிரிட்டிஷ் காப்டன் பெர்ட்ரம் டிக்ஸன் ஓட்டிய விமானத்தின்மேல் மேலிருந்து வந்து மோதியது. தாமஸ் தப்பினார், டிக்ஸன் பலத்த காயமடைந்தார். உலகத்தில் விமானங்களை விரல்விட்டு எண்ணக்கூடிய காலமென்று சொல்லலாம்; அப்போதே இரண்டுக்கு இடம் போதவில்லை. 1922 ஏப்ரலில் பிரான்ஸ் தேசத்தின் பிகார்டிப் பகுதியில், லண்டனுக்கும் பாரீஸுக்கும் இடையே எதிரெதிராய்ப் பறந்த பயணி விமானங்கள் இரண்டு, பனிமூட்டத்தில் கீழே தெரிந்த ஒரே சாலையை அடையாளமாக வைத்துக்கொண்டு வந்து மோதியதில் எழுவர் மாண்டனர். வானம் எவ்வளவு விசாலமானாலும், அதில் மனிதன் போகும் வழிகள் குறுகியவை. அவை சில இடங்களில் ஒன்றுகூடுகின்றன.

அவ்வாறு கூடும் இடங்களில் முதன்மையானது பயிற்சிப் பள்ளியின் விமான நிலையம். அங்கே மாணாக்கர்கள் நாள்தோறும் போடும் வட்டத்துக்குச் சர்க்யூட் என்று பெயர். காற்றை எதிர்த்து எழும்பி, இடப்பக்கம் இருமுறை திரும்பி, ஓடுபாதைக்கு இணையாக 1000 அடி உயரத்தில் எதிர்த்திசையிற் சென்று, மறுபடியும் இருமுறை திரும்பி, ஓடுபாதைக்கு நேரே வந்து இறங்கி, சக்கரம் தரையைத் தொட்டதுதான் தாமதம், நிற்காமல் மீண்டும் எழும்பிவிடுவார்கள். ஒரு மணி நேரத்தில் இதைப் பலமுறை செய்வதுண்டு. ஒரே சமயத்தில் நான்கைந்து விமானங்கள் இந்த வட்டத்தில் இருக்கும், எல்லாம் ஒரே உயரத்தில், எல்லாவற்றிலும் கற்றுக்குட்டிகள். இறங்குவதற்காக ஓடுபாதைக்கு நேரே திரும்பி வரும் கடைசிப் பகுதியில் எல்லாப் பாதைகளும் ஒன்றாகின்றன. பைபர் செரோக்கி போன்ற விமானங்களுக்கு இறக்கை கீழே. செஸ்னா 152 போன்றவற்றுக்கு இறக்கை மேலே. முன்னதை ஓட்டுபவன் தனக்குக் கீழே பார்க்க முடியாது. பின்னதை ஓட்டுபவன் தனக்கு மேலே பார்க்க முடியாது. செரோக்கி மேலேயும் செஸ்னா கீழேயுமாக ஒரே ஓடுபாதையை நோக்கி இறங்கத் தொடங்கினால், ஓடுபாதையையே உற்றுநோக்கிக்கொண்டிருக்கும் இருவருக்கும் இடைவெளி குறைவது தெரியாது.

மாணாக்கனுடைய கண், தானும் உயிரோடிருக்க வேண்டுமே என்ற கவலையில், வேகம் காட்டும் கருவியையும் உயரம் காட்டும் கருவியையும் விட்டு வெளியே போவதில்லை. ஆசிரியருடைய கண்ணோ மாணாக்கனுடைய கையை விட்டு அகல்வதில்லை. உள்ளே நான்கு கண்கள் இருந்தும் வெளியே ஒன்றுமில்லை என்ற நிலை இப்படித்தான் வருகிறது. கட்டுப்பாட்டுக் கோபுரமில்லாத சிறு நிலையங்களில், நான் இன்ன இடத்தில் இருக்கிறேன் என்று ஒவ்வொருவரும் ரேடியோவில் அறிவித்துக்கொள்வது வழக்கம். பதற்றத்தில் வலத்தை இடமென்றும், வடக்கைத் தெற்கென்றும் சொல்லிவிடுகிற புதியவர்களும் உண்டு. இவற்றை யெல்லாம் அறிந்தே, வித்தை பழகுவதற்குமுன் இருபுறமும் ஒருமுறை திரும்பி அந்தப் பிரதேசத்தைப் பார்த்துவிடு, இறக்கையைச் சாய்ப்பதற்குமுன் அந்தப் பக்கம் தலையைத் திருப்பு, எதிரே ஒருவன் வந்தால் இருவரும் வலப்பக்கம் விலகுங்கள், வலக்கையோரமாய்க் குறுக்கே வருபவனுக்கு வழிவிடு என்று சலிப்புத் தட்டுமளவுக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்குகிறார்கள்.

சலிப்புத் தட்டும் பழக்கம் எதற்கு உதவுமென்பதைக் காண மறுபடியும் ப்ராக்கிள்ஸ்பிக்குப் போவோம். மோதிய மாத்திரத்தில், கீழே இருந்த விமானத்தின் கண்ணாடிக் கூண்டு மேலே இருந்த விமானத்தின் இடப்பக்க இறக்கை உடலோடு சேருமிடத்தில் குத்திக்கொண்டு நின்றது. கீழ் விமானத்தின் வாலும் சுக்கானும் மேல் விமானத்தின் வாலிறக்கையைத் தாங்கிக்கொண்டன. மேல் விமானத்தின் இரண்டு எஞ்சின்களும் நின்றுபோயின. கீழ் விமானத்தின் எஞ்சின்களோ முழு வேகத்தில் இழுத்துக்கொண்டேயிருக்க, பூட்டிக்கொண்ட இரட்டை விமானம் மெதுவாய் வட்டமிடத் தொடங்கியது. கீழே இருந்த ஹ்யூசனின் முதுகை மேல் விமானத்தின் விசிறி, உடற்சட்டத்தை அறுத்துக்கொண்டு வந்து, காயப்படுத்திவிட்டது. வழிகாட்டிகள் இருவரும் பாராசூட்டில் குதித்தார்கள். சற்று நேரத்துக்குள் ஹ்யூசனும் குதித்தார். அவர் குதித்தபின், இழுக்கும் எஞ்சின்கள் ஆளில்லாத கீழ் விமானத்தில் இருந்தன. ஆள் இருந்த மேல் விமானத்தில் எஞ்சின் இல்லை.

ஃபுல்லர் குதிக்கவில்லை. தம் விமானத்து இறக்கையின் பின்னோரத்துப் பலகைகளை அசைத்துப் பார்த்தபோது, அந்த விசித்திர யந்திரம் செங்கல்லைப்போல் கனத்துக்கொண்டு, ஆனாலும் சொன்னபடி, திரும்புவதைக் கண்டுகொண்டார். ஏறக்குறைய 5 மைல் தூரம் அதை நடத்திச் சென்று, ஊருக்குத் தென்மேற்கே 4 மைலில் ஒரு பெரிய புல்வெளியைத் தேர்ந்து இறக்கினார். இரண்டு விமானங்களும் ஒன்றாய்ப் புல்லின்மேல் 200 கெஜம் வழுக்கிச் சென்று நின்றன. முந்தின நாள் ஃபாரஸ்ட் ஹில்லில் சர்க்யூட் பழகியபோது தாம் இறங்கியதைவிட இது நன்றாகவே அமைந்தது என்று அவருக்கே தோன்றிற்றாம்.

விமானப்படையின் விபத்து விசாரணை அதிகாரியான ஆர்தர் மர்ஃபி என்பவர் மெல்போர்னிலிருந்து உடனே பறந்து வந்தார். அவர் சாமான்யர் அல்லர். 1919-இல் ஹென்றி ரிக்லியுடன், தெற்கே பாயிண்ட் குக்கிலிருந்து வடகோடி டார்வின் வரையில் ஆஸ்திரேலியாக் கண்டத்தை முதன்முதலாகக் குறுக்கே பறந்து கடந்தவர். உடன் வந்த உதவியாளர் ஹென்றி வின்னிகி, பிற்காலத்தில் விக்டோரியா மாகாணத்தின் பிரதம நீதிபதியாகவும் கவர்னராகவும் விளங்கியவர். இத்தகைய பெரியவர்கள் முன்னிலையில் அந்த மாணாக்கர் சொன்ன விடை, இந்தச் சம்பவத்தில் என் மனத்தை அதிகமாய்க் கவர்ந்த பகுதி. கட்டாயமாக இறங்க நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்களோ அதை யெல்லாம் செய்தேன். குடியிருப்புக்கோ பண்ணை வீட்டுக்கோ அருகில் இறங்கு என்றார்கள், அதோ பண்ணை வீடு. காற்றை எதிர்த்து இறங்கு என்றார்கள், இரண்டு வட்டம் போட்டுக் காற்றை எதிர்த்தே இறங்கினேன். கைக்கு மட்டும் சற்றுக் கனமாயிருந்தது என்றாராம். இறக்கை உடைந்து, இரண்டு எஞ்சினும் நின்று, அடியில் இன்னொரு விமானத்தைச் சுமந்துகொண்டிருந்த ஒருவர், நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்த பாடத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரையில் வரிசை பிசகாமல் ஒப்பித்திருக்கிறார். தைரியம் என்பது பெரும்பாலும் இதுதான் என்று நினைக்கிறேன். பத்திரிகைகள் இதை அதிர்ஷ்டம் என்றன. கூண்டு இறக்கையில் மாட்டிக்கொண்டது அதிர்ஷ்டம். அதற்குப் பின் நடந்தது பாடம்.

காப்பாற்றப்பட்ட யந்திரங்களின் மதிப்பு 40,000 பவுன் என்று அப்போது கணக்கிட்டார்கள். மேல் விமானம் பழுது பார்க்கப்பட்டு மறுபடியும் பறந்தது. கீழ் விமானம் பறக்காமல், மாணாக்கர்களுக்கு உறுப்புக்களைக் காட்டி விளக்கும் பாடப்பொருளாயிற்று. ஃபுல்லரை மேலதிகாரிகள் சார்ஜெண்ட் பதவிக்கு உயர்த்தினார்கள். உயர்த்தியவர்களே, அனுமதியின்றிப் பத்திரிகைக்காரர்களிடம் பேசிவிட்டார் என்ற குற்றத்துக்காக, 14 நாள் முகாமைவிட்டு வெளியேறக் கூடாது என்றும், 7 நாள் சம்பளம் கிடையாது என்றும் சிட்சை விதித்தார்கள். ஒரு கையால் முதுகைத் தட்டி மறுகையால் காதைத் திருகுவது ராணுவத்துக்குப் புதிதன்று. பின்னர் அவர் ஐரோப்பாவிலும் மத்திய கிழக்கிலும் போரிட்டு, 1942-இல் பலெர்மோவின்மேல் செய்த தாக்குதலுக்காகப் பதக்கம் பெற்று, ஆசிரியராக ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பி, 1944 மார்ச்சில் ஸேல் நகரத்துக்கருகே சைக்கிளில் போய்க்கொண்டிருந்தபோது பஸ் மோதி இறந்தார். ஃப்ரேஸர் அவருக்கும் முன்னரே, 1942 புத்தாண்டு தினத்தன்று, வட அயர்லாந்திலிருந்து பறந்த சாதாரணப் பயிற்சிப் பிரயாணமொன்றில், விமானம் மரத்தில் மோதி உயிர்நீத்தார். சின்க்ளேரும் ஹ்யூசனும் யுத்தம் முடியுமட்டும் இருந்தார்கள்.

அந்தச் சிட்சையை நான் பெரிதாகக் குறைகூற மாட்டேன். யுத்த காலம், வெளியே பேசக்கூடாத காலம். விசாரணை அதிகாரியிடம் அவர் பேசினதற்கு ஒரு தடையும் இருக்கவில்லை. ஆனால் பேசினால் தண்டனை என்ற பயம், அமைதிக் காலத்து விமானிகளையும் வெகுநாள் பீடித்திருந்தது. அமெரிக்காவில், இரண்டு விமானங்களுக்கிடையே 500 அடிக்குக் குறைவான இடைவெளியே இருந்தாலும், இடைவெளி எவ்வளவாயினும் மோதல் அபாயம் நேர்ந்ததாக விமானி கருதினாலும், அதை மயிரிழையில் தப்பிய சம்பவமாகக் கொள்கிறார்கள். இதை அறிவிக்கக்கூடியவர்கள் பெரும்பாலும் அந்த இரண்டு விமானிகளே. அறிவித்தால் யார்மேல் பிழை என்ற கேள்வி வரும். லைசென்ஸுக்கு ஆபத்து வரும். ஆகையால் இருவரும் மௌனமாய் இறங்கி, மௌனமாய் வீட்டுக்குப் போவார்கள். மறுநாள் அதே மூலையில் அதே விதமாய் வேறு இருவர் சந்திப்பார்கள்.

இந்த மௌனத்தின் விலையை உலகம் அறிந்தது மோதலினால் அன்று, வேறொரு விபத்தினால். 1974 டிசம்பர் 1-ஆம் தேதி, வாஷிங்டனை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த டி.டபிள்யூ.ஏ. கம்பெனியின் போயிங் விமானம் வர்ஜீனியா மலையொன்றில் மோதி, அதிலிருந்த 92 பேரும் மாண்டார்கள். ஆறு வாரத்துக்கு முன்பே, வேறொரு கம்பெனியின் விமானிகள் அதே இடத்தில், அதே மலையில் மோதாமல் தப்பியிருந்தனர். அந்த எச்சரிக்கை அவர்களுடைய கம்பெனிக்குள்ளேயே சுற்றிவந்து நின்றுபோயிருந்தது. இதன் பயனாக 1976-இல் ஓர் ஏற்பாடு தோன்றிற்று. விமானி தனக்கு நேர்ந்ததை எழுதி, தண்டிக்கும் அதிகாரமுள்ள துறைக்கு அனுப்பாமல், தண்டிக்கும் அதிகாரமே இல்லாத நாஸா நிறுவனத்துக்கு அனுப்பலாம். அங்கே பெயரையும் அடையாளத்தையும் அழித்துவிடுவார்கள். வேண்டுமென்று செய்யாத பிழையை 10 நாளுக்குள் எழுதி அனுப்பிவிட்டவனுக்கு, விதி மீறினான் என்று பின்னால் தீர்ப்பானாலும், அபராதமோ லைசென்ஸ் பறிப்போ இல்லை.

பெரிய விமானங்களில் இப்போது ஒன்றையொன்று அறிந்து, ஏறு என்றும் இறங்கு என்றும் விமானிக்கு உரக்கச் சொல்லும் கருவிகள் இருக்கின்றன. 1986-இல் லாஸ் ஏஞ்சலிஸ் அருகே செரிட்டோஸில் ஒரு சிறிய பைபர் விமானமும் மெக்ஸிகோ தேசத்துப் பயணி விமானமும் மோதி, தரையில் இருந்தவர்கள் உள்பட 82 பேர் மாண்ட பிறகு, 30 இருக்கைகளுக்கு மேற்பட்ட பயணி விமானங்களுக்கு அமெரிக்கா அக்கருவியைக் கட்டாயமாக்கியது. பயிற்சிப் பள்ளியின் சிறு விமானத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தன் இருப்பிடத்தை ரேடியோவில் இடையறாது ஒலிபரப்பும் மலிவான கருவிகள் சில தேசங்களில் வந்திருக்கின்றன. அவை எட்டு மடங்கு கூர்மையின் கணக்கை விமானிக்குச் சாதகமாய்த் திருப்புகின்றன என்பது உண்மை. ஆயினும் கருவியின் திரையைப் பார்த்துக்கொண்டே வெளியே பார்க்க மறக்கும் மாணாக்கர்களைப்பற்றி ஆசிரியர்கள் இப்போது முறையிடுகிறார்கள். எழுதி அனுப்பும் ஏற்பாடோ கருவி எதுவும் கேட்பதில்லை. அங்கே வந்துசேரும் விவரங்களில் சிலவற்றை, கால்பேக் என்னும் மாத வெளியீட்டில் நாஸா அச்சிடுகிறது. ஜெட் விமானங்களின் காப்டன்களோடு, சர்க்யூட்டில் திரும்பும்போது இறக்கைக்கு அடியிலிருந்து வேறொரு விமானம் வெளிப்பட்டதைக் கண்டு திடுக்கிட்ட மாணாக்கர்களும், பக்கத்து ஆசனத்தில் இருந்தும் அதைப் பார்க்கத் தவறிய ஆசிரியர்களும் அங்கே எழுதுகிறார்கள்.